கோட்டைக் காவலாளியின் தூக்கம்

"இந்தக் கயிறு எதுக்கு? நேத்து இல்லையே?"

படிக்கட்டின் குறுக்கே கட்டியிருந்த கயிற்றைப் பிடித்தபடி கேட்டார் பெரியவர். தொழிற்சாலையில் முப்பது வருடம் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வெளிநாட்டில் இருக்கும் மகளைப் பார்க்க வந்திருக்கிறார். மகள் வேலைக்குப் போகிற வழியில் தினமும் அவரை இந்தப் பழைய கோட்டை வாசலில் இறக்கிவிட்டுப் போவாள்.

ஸ்டூலில் இருந்த காவலாளி புது ஆள். "நம்ம பாஷையா? உட்காருங்க ஐயா. மேல ஏறக் கூடாது."

"பதினோரு நாளா ஏறுறேன்ப்பா. நம்ம ஊர்ல ஒரு கல்லைத் தொட்டா விசில் ஊதுவான். இங்கதான் ராஜா மாதிரி சுத்தினேன். ஏன்னு கேக்க ஆள் கிடையாது."

உண்மைதான். இந்தக் கோட்டையைப் பார்க்க ஆசைப்பட்டவள் அவர் மனைவி. போன வருடம், இதைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்துவிட்டாள். மேல்மாடத்தில் தனியாக நின்று, கண்ணில் படுவதையெல்லாம் அவளிடம் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருப்பார். வீட்டில் அப்படிப் பேசினால் மகள் பயந்துவிடுவாள்.

"பழைய ஆள் எங்கே?"

"வேலை போயிடுச்சு. யாரோ ஆபீசுக்குப் புகார் எழுதிட்டாங்க. நேத்து ராத்திரியே ஊருக்கு அனுப்பிட்டாங்க."

பெரியவர் நிமிர்ந்து நின்றார். "நான்தான் எழுதினேன். எப்ப வந்தாலும் தொப்பியை முகத்துல கவுத்துக்கிட்டுத் தூங்குறான். என் கீழ இருந்திருந்தா முதல் நாளே சீட்டைக் கிழிச்சிருப்பேன்."

காவலாளி ஸ்டூலை விட்டு எழுந்தார்.

"நாங்க ரெண்டு பேரும் ஒரே அறை ஐயா. அவருக்கும் நம்ம பாஷைதான்."

"என்கிட்ட ஒரு வார்த்தை பேசலையே?"

"பேசினா, நீங்க மேல பேசுறது அவருக்குப் புரியுதுன்னு தெரிஞ்சு கூச்சப்படுவீங்களாம்."

பெரியவரின் கை கயிற்றிலிருந்து நழுவியது.

"இந்தக் கயிறு எட்டு வருஷமா இருக்கு. முதல் நாள் அது அவிழ்ந்து கிடந்தப்ப நீங்க மேல பேசினதைக் கேட்டாராம். அதுலேருந்து உங்க பொண்ணு கார் வாசல்ல நின்னதும் அவிழ்த்துடுவார். நீங்க போனதும் திரும்பக் கட்டுவார். தெரிஞ்சே ஏறவிட்டார்னா வேலை போயிடும். தூங்கிட்டார்னா திட்டோட போயிடும்னு நினைச்சார்."

"அப்ப அந்தத் தூக்கம்..."

"உங்க வீட்டம்மாகிட்ட நீங்க பேசி முடிச்சு இறங்குற வரைக்கும் கண்ணை மூடிக்கிட்டு இருப்பார். அவ்வளவுதான் ஐயா."