சீட்டுக்குப் போட்ட துண்டு

மார்பை முழுதாக எடுத்துவிடலாம், இல்லையென்றால் கட்டியை மட்டும் எடுத்துவிட்டு வாரக்கணக்கில் தினமும் கதிர்வீச்சுக் கரண்ட் வைக்கலாம் என்றார் டாக்டர். நாகஜோதி இரண்டாவதைச் சொன்னாள். உசிலம்பட்டியிலிருந்து மதுரை ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது அறுத்த பக்கத்தில் யாராவது இடித்துவிட்டால் என்பதுதான் பயம்.

முதல் நாளே ஜன்னலோர சீட்டில் ஒரு பச்சைத் துண்டு கிடந்தது.

“ஒங்க அக்கா எடம் போட்டுட்டுப் போனாக. ஒக்காருங்க,” என்றார் கண்டக்டர்.

துண்டின் ஓரத்தில் சிவப்பு நூல் தையல், நாகஜோதியே தைத்தது. அக்கா சின்னத்தாய் களையெடுக்கும்போது தலையில் கட்டும் துண்டு. இதே மாதிரிக் கட்டியை யாரிடமும் காட்டாமல் செத்துப்போனவள் அவள். துண்டையும் அவளோடு சேர்த்துத்தான் எரித்தார்கள்.

நாகஜோதி துண்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தினமும் அதை மடியில் வைத்துக்கொண்டு போனாள், இறங்கும்போது மடித்துச் சீட்டிலேயே வைத்தாள். தோல் கறுத்து எரிந்த நாட்களில் துண்டு ஈரமாக, குளிர்ந்து இருந்தது.

கடைசி நாள், “முடிஞ்சிருச்சுக்கா. நாளைக்கு வரமாட்டேன்,” என்று துண்டிடம் சொன்னாள்.

மறுவாரம் சந்தைக்குப் போனபோது மதுரை பஸ் நின்றிருந்தது. உள்ளே ஸ்கேன் கவரோடு ஒரு பெண், துண்டு கிடந்த சீட்டருகே தயங்கி நின்றாள்.

“ஒக்காரு தாயி,” என்றாள் நாகஜோதி, ஜன்னலுக்கு வெளியிலிருந்து. “எங்க அக்கா ஒனக்குத்தான் போட்ருக்கா.”