மீதிப் பத்துக்கு ஒத்திகை

"கொஞ்சம் குறைச்சுக்குங்க. காலை இவ்வளவு இழுத்தா டாக்டர் நம்ப மாட்டாங்க" என்றாள் வியாகுலம்மாள்.

குளியலறைப் பக்கமிருந்து கூடத்துக்கு வந்துகொண்டிருந்த அற்புதசாமி அப்படியே நின்றார். இடது கால் தரையைத் தேய்த்தபடி இருந்தது. வேட்டி நுனியைப் பிடித்திருந்த கை ஆடிக்கொண்டிருந்தது.

"எதைக் குறைக்கணும்?"

"கால் இழுக்கறதைத்தான். கையும் அவ்வளவு ஆட வேண்டாம். இது பாஸ்கா நாடக மேடை இல்லீங்க, மெடிக்கல் போர்டு."

அவர் மனைவியைப் பார்த்தார். டாக்டர் இருப்பதாகப் பாவித்து அவள் போட்டு வைத்திருந்த நாற்காலியையும் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "சரிங்க டைரக்டரம்மா, குறைச்சுக்கறேன்."

அவருக்கு நடுக்குவாதம் வந்து நான்கு வருடம். கல்லூரி வேதியியல் கூடத்தில் உதவியாளராக இருந்தவர், கையில் எடுத்த குடுவையெல்லாம் உடைய ஆரம்பித்ததும் வேலையை விட்டார். "பிரின்சிபால் கும்பிட்டு அனுப்பி வச்சாரு. உடையாம மிச்சமிருந்த குடுவைங்களும் சேர்ந்து கும்பிட்டுச்சு" என்பார்.

பாலக்கரை பங்குக் கோவிலில் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கா நாடகத்தில் இருபத்திரண்டு வருடம், அவரைக் காட்டிக்கொடுக்கும் யூதாஸ் அற்புதசாமிதான். திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுத்தவள் வியாகுலம்மாள். கடைசி வருடம் முப்பது வெள்ளிக்காசுப் பை அவர் கையில் கிடுகிடுவென்று ஆடியது. என்ன தத்ரூபம் என்று சனங்கள் மெச்சினார்கள். "யூதாஸுக்கு மனசாட்சி உறுத்துச்சு, எனக்கு மாத்திரை தீர்ந்து போச்சு" என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

இப்போது போர்டு, பாதிப்பு நாற்பது சதவீதம் என்று எழுதினால் மாற்றுத்திறனாளி அட்டை கிடைக்கும். அட்டை கிடைத்தால் மாதாமாதம் உதவித்தொகை. அது வந்தால் வியாகுலம்மாள் ஒரு வேலையை விட்டுவிடலாம். காலையில் தில்லை நகர் கிளினிக்கில் ஆயா, சாயங்காலம் ஸ்ரீரங்கத்தில் படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்று இரண்டு வருடமாக அவள் ஓடிக்கொண்டிருக்கிறாள்.

கிளினிக்கில் இருப்பவள் ஆயிற்றே, சதவீதத்தை அவளே போட்டுவிட்டாள். இவருக்கு முப்பது தேறும், மீதிப் பத்துக்கு நடிக்க வேண்டியதுதான். ஏனென்றால், அவள் வீட்டில் இருக்கும்போதெல்லாம் மனிதர் நாற்காலியில் ஜம்மென்று உட்கார்ந்திருப்பார். காபி, பேப்பர், மூக்குக் கண்ணாடி எல்லாம் இருந்த இடத்துக்கே வர வேண்டும். "நோவு பாதி, சோம்பேறித்தனம் பாதி" என்று அவள் முணுமுணுப்பாள். "சோம்பேறித்தனத்துக்கும் பர்சன்ட் உண்டான்னு கேட்டுச் சொல்லு" என்பார் அவர்.

ஆனால் நடிப்பும் அளவோடு இருக்க வேண்டும். பக்கத்து வீட்டு ஷரபுன்னிசாவின் மச்சினர் ரொம்பவும் நொண்டிக் காட்டியதில், டாக்டர் சந்தேகப்பட்டுத் திருப்பி அனுப்பிவிட்டாராம்.

"எங்க, மறுபடி நடங்க பார்ப்போம்."

அற்புதசாமி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து நாற்காலிக்கு வந்து சேர்ந்தார்.

"இப்பதான் நம்பற மாதிரி இருக்கு. இதையே போர்டுலயும் பண்ணுங்க."

"பத்து பர்சன்ட் பொய்க்குச் சாமியார் பரிகாரமா எத்தனை அருள்நிறை மரியே ஜெபம் சொல்லச் சொல்வாரு?" என்று கேட்டுக்கொண்டே அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை மெடிக்கல் போர்டு முகாம். டாக்டரம்மா சின்ன வயது, பொறுமைசாலி.

"ஐயா, அந்த ஜன்னல் வரைக்கும் போயிட்டு வாங்க."

அற்புதசாமி போனார், வந்தார். வியாகுலம்மாள் பதறினாள். குறைக்கச் சொன்னதற்காக இப்படியா குறைப்பது? பூசைக்குப் போகிற ஆள் மாதிரி நடக்கிறார். முப்பது கூடத் தேறாது போலிருந்தது. தன் வாயைத்தான் நொந்துகொண்டாள்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "ஐயா, ரெண்டு அடிக்கு ஒருதரம் அம்மாவையே பாக்கறீங்க. அம்மா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்களேன்."

கதவு சாத்தப்பட்டது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து வியாகுலம்மாள் ஜெபமாலையை உருட்டினாள். எடுத்துக் கொடுக்க ஆள் இல்லாவிட்டால் இந்த மனிதர் மேடையில் கன்னாபின்னாவென்று போய்விடுவாரே என்ற கவலை அவளுக்கு. ஸ்ரீரங்கத்துப் பெரியவருக்கு ஆயுசு முழுக்கத் தானேதான் கஞ்சி ஊட்டப்போகிறோம் என்று தீர்மானித்துவிட்டாள்.

கால் மணி நேரம் கழித்து அற்புதசாமி சுவரைப் பிடித்தபடி வெளியே வந்தார்.

"எவ்வளவுங்க போட்டாங்க?"

"அறுபத்தஞ்சு."

அவள் அவர் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். "அப்படி என்னதான் பண்ணீங்க உள்ள?"

"நீ வேண்டாம்னியே அந்த நடை, அதையே நடந்து காட்டினேன்."

"அதையா? மாட்டியிருந்தா என்ன ஆயிருக்கும்? எனக்கு இப்ப நெனச்சாலும் படபடங்குது. ஞாயித்துக்கிழமை முதல் வேலையா சாமியார்கிட்ட இந்தப் பொய்யைச் சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணிடுங்க."

"அதுல சொல்றதுக்கு ஒண்ணுமில்ல, வியாகுலம்" என்றார் அற்புதசாமி. "அன்னிக்கு நான் பாத்ரூம் போயிட்டு வந்துக்கிட்டிருந்தேன், ஒத்திகை ஆரம்பிச்சுட்டேன்னு நீ நெனச்சுட்ட. இந்த நாலு வருஷமா நான் நடிக்கறதெல்லாம் நீ வீட்டுல இருக்கற நேரத்துலதான்."