மஞ்சள் வாத்துத் தொப்பி

"என்ன தம்பி, விறகு பிளக்கிறீங்களா?"

எதிர்வீட்டுக் குமுதா அக்கா கேட்டதும், நடைவழியில் கோல்ஃப் மட்டையை ஓங்கி நின்ற ராஜேஷ்குமார் அசடு வழிந்தான். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில், காயப்போட்ட கைலிகளுக்கு நடுவே கோல்ஃப் ஆடிய முதல் ஆள் அவனாகத்தான் இருக்கும்.

"எக்சர்சைஸ்கா. தொப்பை குறையறதுக்கு."

பச்சைப் பொய். அவனுக்கு ஏது தொப்பை? இருந்த கொஞ்சமும் கவலையில் கரைந்துவிட்டது.

விஷயம் இதுதான். அவனுடைய வேலை பெர்மிட் அடுத்த மாதம் முடிகிறது. புதுப்பிக்கும் கடிதம் மூன்று வாரமாக முதலாளியின் மேசையில் கையெழுத்தில்லாமல் கிடக்கிறது. அவனை நம்பி, தேனியில் டீச்சர் வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையோடு விஷ்ணுப்ரியா வந்து சேர்ந்தே மூன்று மாதம்தான் ஆகிறது. திரும்பிப் போனால் புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் வேலை கிடையாது.

அப்போதுதான் அவன் வேலை பார்க்கிற கிள்ளான் ஆபீஸுக்கு வந்த முதலாளி கிருபாகரன் அவன் தோளில் கை போட்டார். நாலு ஊரில் கிளை வைத்திருக்கிற மனுஷன். "ராஜேஷ், வர்ற வாரம் இல்ல, அடுத்த சாட்டர்டே ஃப்ரீயா? கோல்ஃப் ஆடலாம், வாங்க லா."

விஷ்ணுப்ரியா அன்றைக்கே பாயசம் வைத்துவிட்டாள். "வேண்டாதவங்களை யாராச்சும் விளையாடக் கூப்பிடுவாங்களா? கையெழுத்து ஆன மாதிரிதான். ஆனா வெளிய மூச்சு விடாதீங்க, கண்ணு பட்டுடும்."

பாயச வாசனை மூன்று வீடு தாண்டிப் போனது. காரணம்தான் வாசலைத் தாண்டவில்லை.

மற்ற மட்டைகளை மைதானத்தில் வாடகைக்கு எடுக்கலாம். முதல் அடிக்கென்றே உள்ள டிரைவர், அதாவது தலை பருத்த அந்த நீள மட்டை மட்டும் சொந்தமாக இருந்தால்தான் மதிப்பு என்று யூடியூபில் யாரோ சொல்லிவிட்டார். புதிதாக வாங்க வசதியேது? ஃபேஸ்புக்கில் தேடி, பழையது ஒன்றைப் பார்க்கச் செந்தூலுக்குப் போனான்.

விற்பவர் முகமது ரஃபீக். ராமநாதபுரத்துக்காரர், கணக்கு வேலை. வீட்டில் கயிறு கட்டிய பெட்டிகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. மட்டையின் தலைக்கு உறையாக, கம்பளி நூலில் பின்னிய மஞ்சள் வாத்து ஒன்று ஒற்றைக் கண்ணோடு முழித்தது.

"செகண்ட் ஹேண்டா பாய் இது? புதுசு மாதிரி இருக்கே!"

"எனக்கு வந்ததே செகண்ட் ஹேண்ட்தான் தம்பி. ஆனா யாரும் ஒரு நாளைக்கு மேல ஆடல."

"ஏன் பாய்?"

"அதுக்கப்புறம் ஆட வேண்டிய அவசியமே வரல."

ஒரே ஆட்டத்தில் காரியம் முடிந்துவிட்டதாக்கும் என்று ராஜேஷ்குமாருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ராசியான மட்டை!

"நீங்க எதுக்கு வாங்குறீங்க தம்பி? யாராச்சும் ஆடக் கூப்பிட்டாங்களா?"

உண்மை நாக்கு நுனி வரை வந்தது. விஷ்ணுப்ரியாவின் முகமும் கூடவே வந்தது. "சும்மா பாய். தொப்பை குறையறதுக்கு."

ரஃபீக் அவனை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் வாத்தின் தலையில் ஒரு தட்டுத் தட்டி மட்டையைக் கொடுத்தார்.

பயிற்சித் திடலில் நாலு நாள் சாயங்காலம் அடித்தான். பந்து ஒன்று வலையில் மோதும், இல்லையென்றால் காலடியிலேயே சுருண்டு படுக்கும். பக்கத்து ஆட்கள் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள்.

சனிக்கிழமை காலை, கிள்ளானுக்கு வெளியே உள்ள மைதானம். வாத்தைக் கழற்றிப் புல்லில் வைத்துவிட்டு, குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு மட்டையை வீசினான்.

பந்து போனது. நேராக, உயரமாக, அவன் பிறந்ததிலிருந்து பார்க்காத தூரத்துக்குப் போய் நட்டநடுப் புல்வெளியில் விழுந்தது.

"சூப்பர் ஷாட் லா!" என்று கைதட்டிய கிருபாகரன், குனிந்து வாத்தை எடுத்தார். கைதட்டல் நின்றுவிட்டது.

"இது நம்ம சுங்கை பூலோ ஆபீஸ் ரஃபீக்கோடது இல்ல?"

"அவர்கிட்ட வாங்கினதுதான் சார். அவரும் நம்ம கம்பெனியா சார்?"

கிருபாகரன் மரத்தடி பெஞ்சைக் காட்டினார். "உக்காருங்க ராஜேஷ். இந்த மாதிரி விஷயத்தை ஆபீஸ்ல வெச்சுச் சொல்ல எனக்கு மனசு வராது. அதான் எல்லாரையும் இங்க கூட்டிட்டு வந்துடுவேன்."

ராஜேஷ்குமார் உட்காரவில்லை. பந்து விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

முதலாளி வாத்தின் ஒற்றைக் கண்ணைத் துடைத்துவிட்டார். "ரஃபீக் போயிட்டாரு. அவருக்கு முன்னாடி இதை வெச்சிருந்த செல்வமும் போயிட்டாரு. இந்த வாத்து மட்டும் ஊருக்குப் போக மாட்டேங்குது லா."