ஐயாவின் பதில்

படுக்கையறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் அவள் மடிக்கணினியில் அந்த உரையாடலைச் சட்டென்று மூடி, வேறொரு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டாள். கன்னத்தில் கை வைத்து ஏதோ யோசிப்பதுபோல் பாவனை வேறு.

கணவன் தண்ணீர் குடிக்க வந்திருந்தான். மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே அரைக்கால் டவுசர், கழுத்தில் ஹெட்போன். வீட்டிலிருந்தே வேலை என்றான பிறகு அவன் ஆபீஸ் போவது இடுப்புக்கு மேலே மட்டும்தான்.

"விடாம தட்டுற சத்தம் கேக்குதே, அவ்வளவு வேலையா?"

"கணக்கு முடிக்கிற நேரம்ங்க. மேனேஜர் உயிரை எடுக்கறாரு."

"உனக்காவது நல்லா ஓடுதே" என்றவன், "மீட்டிங் இருக்கு" என்று திரும்ப உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

நீங்கள் நினைக்கிற மாதிரி ஒன்றும் இல்லை. மரச்சாமான் கம்பெனியில் அவள் பார்த்த கணக்கு வேலை, தொற்று பரவிய கொஞ்ச நாளிலேயே கைநழுவிப் போயிற்று. அதே வாரம்தான் கணவன், தன் சம்பளத்தைப் பாதியாக வெட்டிவிட்டார்கள் என்று முகம் வெளுத்துப்போய்ச் சொன்னான். தூக்கம் கெட்டுக் கிடக்கிற மனுஷனிடம் இதை எந்த வாயால் சொல்வது? அவள் சொல்லவில்லை.

பீரோவில் இருந்த வளையல்களை ஒவ்வொன்றாக அடகு வைத்து, அதையே சம்பளம் என்று அவன் கையில் கொடுத்து வந்தாள். கடைசி வளையலும் போன வாரம் போய்விட்டது. அடுத்த மாதம் எதைச் சம்பளம் என்று கொடுப்பது என்பதுதான் இப்போது அவள் நெஞ்சை அரித்துக்கொண்டிருந்தது.

பகலில் வீட்டிலிருந்தே செய்யக் கிடைத்தது இந்த வேலை. அரசாங்க நிவாரணம் கேட்டு இணையத்தில் வருகிறவர்களை விசாரித்து, தகுதி உண்டா இல்லையா என்று எழுத்தில் பதில் அனுப்ப வேண்டும். ஒரு பதிலுக்கு இவ்வளவு என்று சில்லறைக் கூலி, அதைச் சம்பளம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வருகிறவர்களின் பெயர் அவளுக்குத் தெரியாது, வெறும் எண்தான். அவர்களுக்கோ அவள் ஆணா பெண்ணா என்பதுகூடத் தெரியாது. எல்லோருக்கும் அவள் 'ஐயா'.

மூடிய உரையாடலைத் திறந்தாள். வேலை போனதற்கான சான்றை மேலிடத்திலேயே பார்த்து, 'சரி' என்ற குறிப்பை மட்டும் அவளுக்கு அனுப்பியிருந்தார்கள். அடுத்த கேள்வியைத் தட்டுவதற்குள் நெட் போய்த் தொலைந்தது. எழுந்து போய் மோடத்தை அணைத்துப் போட்டு, அதைத் திட்டி, ஒரு தட்டும் தட்டிவிட்டு வந்து பார்த்தால், மறுமுனைக்காரர் முந்திக்கொண்டிருந்தார்.

'மன்னிக்கணும் ஐயா, நடுவுல லைன் போயிடுச்சு.'

தப்பு இவள் வீட்டு மோடத்தின் மேல், மன்னிப்புக் கேட்பது அவர். உதவி கேட்டு நிற்கிறவன் எதற்கும் மன்னிப்புக் கேட்பான் போலிருக்கிறது என்று அவளுக்குப் பாவமாக இருந்தது.

இனி இருப்பது ஒரே கேள்வி. பெரும்பாலானவர்கள் விழுந்து போகிற இடம் அதுதான். 'வீட்டில் வேறு யாருக்காவது மாதச் சம்பளம் உண்டா?'

இல்லை என்று எழுதுய்யா என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

'என் மனைவிக்கு உண்டு ஐயா.'

அவளுக்குப் பகீரென்றது. விதிப்படி அத்தோடு முடித்துவிட வேண்டும். மேலிடத்தில் திட்டு விழுந்தாலும் விழட்டும் என்று, 'நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்' என்று எழுதினாள்.

'யோசிக்க என்ன இருக்கு ஐயா? அவ சம்பளத்துலதான் வீடே ஓடுது. நாள் பூரா குனிஞ்ச தலை நிமிராம உழைக்கிறா. அதை இல்லைன்னு எழுத எனக்குக் கை வரல.'

எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. யார் பெற்ற பெண்ணோ, கொடுத்து வைத்தவள். மாதா மாதம் சம்பளமும் வருகிறது, இப்படி ஒரு புருஷனும் வாய்த்திருக்கிறான். பொறாமைப்படுவதற்கும் ஒரு நேரம் காலம் இல்லையா என்று தன்னையே கடிந்துகொண்டாள்.

வேறு வழியில்லை. தயாராக இருந்த பதிலை அழுத்தினாள். 'உங்கள் துணைவருக்கு மாதச் சம்பளம் இருப்பதால் நிவாரணம் பெற உங்களுக்குத் தகுதி இல்லை.'

'சரிங்க ஐயா. உங்க மேல தப்பில்ல.'

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது படுக்கையறைக் கதவு திறந்தது. அவசரமாகத் திரையை மாற்றினாள். கணவன் வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான். கழுத்தில் ஹெட்போன் இல்லை.

"மீட்டிங் முடிஞ்சுதாங்க?"

"மீட்டிங்கே கெடையாதும்மா." அவன் தரையைப் பார்த்தே பேசினான். "வேலை போயி ரொம்ப நாளாச்சு. பாதிச் சம்பளம்னு சொன்னதெல்லாம் பொய். சேத்து வச்சிருந்ததைத்தான் எடுத்துக் குடுத்துட்டிருந்தேன், அதுவும் தீந்துபோச்சு. நிவாரணமாவது கெடைக்குமான்னு எழுதிக் கேட்டேன். இப்பத்தான் இல்லைன்னுட்டாங்க."

அவள் பார்வை மடிக்கணினித் திரைக்குப் போய்த் திரும்பியது. காரணம் தெரிந்திருந்தும் வாய் தானாகக் கேட்டது.

"ஏனாம்?"

அவன் தலை நிமிர்ந்தான். அவளைத் தேற்றுவதுபோல் லேசாகச் சிரித்தான்.

"உனக்குத்தான் மாசச் சம்பளம் வருதே!"