வாலில்லாத பீங்கான் நாய்

"இது பக்கா ஏமாத்து வேலை, லியோனி. எழுதி வெச்சுக்கோ" என்றான் அவள் கணவன் டெஸ்.

லியோனிக்கும் அதே சந்தேகம்தான். பர்னி என்ற ஊரில், வீட்டுக் கார் ஷெட்டையே கடையாக்கி, பழைய பீங்கான் பொம்மைகளை ஆன்லைனில் விற்பவள் அவள். உடையாத பொருளையே "உடைஞ்சு போச்சு, காசைத் திருப்பு" என்று சண்டைக்கு வருபவர்களை நிறையப் பார்த்திருக்கிறாள். ஆனால் இப்படி ஓர் ஆளைப் பார்த்ததில்லை.

கடல் தாண்டி மவுண்ட் கேம்பியர் என்ற ஊருக்கு அனுப்பிய பீங்கான் நாய் அது. வாங்கியவர் கிளாரி வோமர்ஸ்லி என்ற பெரியவர். அலமாரி மேல் பொம்மையை வைத்துப் படம் எடுத்துப் போட்டு, 'அருமையாக வந்து சேர்ந்தது' என்று எழுதி, அஞ்சு நட்சத்திரமும் கொடுத்திருந்தார்.

படத்தில் நாய் இருந்தது. வால் இல்லை.

"நான் அனுப்பினப்போ வால் கொடிக்கம்பம் மாதிரி நின்னுச்சு டெஸ்! அது உடையக் கூடாதுன்னுதானே உன் கம்பளி சாக்ஸை எடுத்து வாலுக்கு மாட்டிவிட்டேன்!"

"என் சாக்ஸா? ஒத்தையைக் காணோம்னு நான் வாஷிங் மெஷினுக்குள்ள தலையை விட்டுத் தேடிட்டிருக்கேன்!"

"அதை விடு. உடைஞ்ச பொருளை வாங்கிட்டு யாராவது அஞ்சு நட்சத்திரம் கொடுப்பாங்களா?"

"அங்கதான் சூட்சுமமே இருக்கு. முதல்ல புகழ்வாங்க. நீ குளிர்ந்துபோய் உட்கார்ந்திருக்கிறப்போ, மன உளைச்சல், நெஞ்சு வலி, வக்கீல்னு ஒவ்வொண்ணா வரும்."

லியோனி காத்திருந்தாள். நெஞ்சு வலியும் வரவில்லை, வக்கீலும் வரவில்லை. அவளுக்குத்தான் மனசு உறுத்த ஆரம்பித்தது. பாவம், கண் சரியாகத் தெரியாத மனுஷனோ என்னவோ? நம்பி வாங்கியவருக்கு முக்கால் நாயைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பதா?

"பேசிடறேன்" என்று வீடியோ காலில் கூப்பிட்டாள். பக்கத்தில் டெஸ், கூரியர் கம்பெனியின் புகார்ப் பக்கத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்தான்.

திரையில் முதலில் ஒரு காது தெரிந்தது.

"ஐயா, போனைக் காதுல வைக்காதீங்க. முன்னால பிடிங்க."

காது போய், இரண்டு மூக்குத் துவாரங்கள் வந்தன. அப்புறம் ஒரு வழியாக முகம்.

"ஐயா, நான் பொம்மை அனுப்பின லியோனி. நாயோட வால் உடைஞ்சிருக்கே, நீங்க கவனிக்கலையா?"

"வாலா? எந்த வால்?"

"விற்பனைப் படத்துல இருந்துச்சே. நீளமா, நிமிர்ந்து."

"ஓ, அதுவா!" பெரியவர் தாடையைச் சொறிந்தார். "அதுதான் அம்மாடி எனக்கும் ஒரே கவலையா இருந்துச்சு. என் நாய் பிஸ்கட் இருக்கானே, அவன் மொட்டைவால் ஜாதி. பொறந்ததுலேர்ந்து வால் கிடையாது. அவனை மாதிரியே ஒரு பொம்மை தேடி அலுத்துட்டேன். சரி, இதை வாங்கி வாலைக் குறடால தட்டி எடுத்துக்கலாம்னு இருந்தேன். நல்லவேளை, எனக்கு அந்த வேலை மிச்சம்!"

டெஸ் தன் நெற்றிப்பொட்டில் விரலை வைத்துத் திருகிக் காட்டினான்.

"இருந்தாலும் வழியில உடைச்சது தப்புதானே, ஐயா? இப்பவே கூரியர் மேல புகார் கொடுக்கிறோம். யார் கொண்டுவந்து கொடுத்தாங்கன்னு பார்த்து நடவடிக்கை எடுப்பாங்க. உங்க பணமும் முழுசாத் திரும்பி வந்துடும்."

பெரியவர் பதறிப்போனார். "ஐயய்யோ, வேண்டாம்மா! வாலோட வந்திருந்தாத்தான் நான் புகார் கொடுத்திருப்பேன்!"

"அப்படியா? அப்ப அந்த வாலில்லாத பிஸ்கட்டைக் கொஞ்சம் காட்டுங்களேன், பார்க்கலாம்."

"அவனா... அவன் தூங்கறான்."

"பரவாயில்லை, தூங்கறதையே காட்டுங்க."

"இங்க இல்லையே. வெளியில போய்த் தூங்கறான்."

டெஸ்ஸால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. எட்டிப் போனைப் பிடித்து, "பிஸ்கட்! டேய் பிஸ்கட்!" என்று கத்தினான்.

அங்கே ஏதோ உருண்டு விழும் சத்தம். அடுத்த நொடி, மாட்டுக்கன்று போல ஒரு நாய் பாய்ந்து வந்து பெரியவர் மடியில் ஏறியது. துடைப்பம் போல நீண்ட வால். அது ஆடிய ஆட்டத்தில் பெரியவரின் மூக்குக்கண்ணாடி பறந்து போனது.

அவர் தடவித் தடவிக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். தொண்டையைக் கனைத்தார்.

"இது... இது பக்கத்து வீட்டு நாய், அம்மாடி."

பக்கத்து வீட்டு நாய் அவர் முகத்தை நக்கியது.

"மாட்டினாரு!" என்று டெஸ் விழுந்து விழுந்து சிரித்தான். லியோனி சிரிக்கவில்லை.

"ஐயா, எதுக்கு இவ்வளவு பொய்?"

பெரியவர் குரலைத் தாழ்த்தினார்.

"புகார் மட்டும் கொடுத்துடாதேம்மா. பெட்டியைக் கொண்டுவந்த பொண்ணு கைதவறிப் போட்டுட்டா. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளாம். 'போச்சு, இந்த வேலையும் போச்சு'ன்னு வாசப்படியிலயே உட்கார்ந்து அழுதா. உள்ளே ஒண்ணும் உடையலைன்னு சத்தியம் பண்ணி, டீ போட்டுக் கொடுத்துத்தான் அனுப்பி வெச்சேன். சொன்ன சொல்லைக் காப்பாத்த வேண்டாமா?"

டெஸ்ஸின் சிரிப்பு நின்றது. புகார்ப் பக்கத்தைச் சத்தமில்லாமல் மூடினான்.

லியோனி போனை முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"சரிங்க ஐயா. பிஸ்கட் தூங்கி எழுந்து வந்ததும், நான் ரொம்ப விசாரிச்சதாச் சொல்லுங்க. பக்கத்து வீட்டு நாய்கிட்டயும்தான்."