பத்தாவது மாடி, வெளிப்பக்கம்

2024 ஆகஸ்ட் 11, ஞாயிற்றுக்கிழமை. ஒரகடம் அருகே இருக்கும் பன்னிரண்டு மாடிக் கண்ணாடிக் கட்டடத்துக்கு அன்று விடுமுறை.

பெருநகரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த கிருஷ்ணசாமியும் அவர் மனைவி சிட்டம்மாளும் கேட்டருகே நின்றார்கள். சிட்டம்மாள் கையிலிருந்த தூக்குச்சட்டியில் கருவாட்டுக் குழம்பு மணத்தது.

"யார பாக்கணும்?" என்றார் காவலாளி சேட்டு. அந்த வாரம்தான் வேலைக்குச் சேர்ந்தவர்.

"எம் பையன் சுகுமாரு. வூட்டுக்குக் கூட்டினு போலாம்னு வந்தோம்," என்றார் கிருஷ்ணசாமி.

"இன்னிக்கு லீவு பெரியவரே. உள்ள ஈ காக்கா இல்ல."

"அவன் இருப்பான் சார்."

"எந்த மாடில வேல?"

"பத்தாவது. உள்ள இல்ல சார், வெளிப்பக்கம். கண்ணாடி தொடைக்கிறது."

சேட்டு அண்ணாந்து பார்த்தார். கண்ணாடி முழுக்க மேகம் நகர்ந்துகொண்டிருந்தது. "யாரும் தொங்கலியே. இன்னா, வூட்ல சண்டையா? கோவிச்சுக்கினு வந்துட்டானா?"

"அதெல்லாம் இல்ல. நாங்க வந்து கூப்புட்டாத்தான் வருவான்," என்றார் சிட்டம்மாள்.

"மிஷின்ல மொகத்தக் காட்டினாத்தான் உள்கதவே தொறக்கும்மா. எம் மொகத்துக்கே தொறக்காது."

"உள்ள போவ வேணாம் சார்," என்றார் கிருஷ்ணசாமி. "பின்னால செவுத்தோரம் நின்னு கூப்புட்டுப் பாக்கறோம். நாளைக்கு வூட்ல காரியம். அவன் இல்லாம எப்டி?"

சேட்டுவின் குரல் இறங்கியது. "சாவு வூடா? மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? போய்க் கூட்டினு வாங்க."

கட்டடத்தின் பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் இருவரும் திரும்பி வந்தார்கள். தூக்குச்சட்டி காலியாக இருந்தது.

"வந்தானா?"

"வந்துட்டான் சார்."

சேட்டு எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. பையன் கூச்சப்பட்டுக்கொண்டு பின்கேட் வழியாகப் போயிருப்பான் என்று நினைத்துக்கொண்டார்.

ஊருக்கு உத்திரமேரூரில் பஸ் மாற வேண்டும். பஸ்ஸில் கிருஷ்ணசாமி பணத்தை நீட்டினார். "உத்திரமேரூரு மூணு."

"ரெண்டு பேருதான கீறீங்க. மூணாவது ஆளு எங்க?" என்றார் கண்டக்டர்.

சிட்டம்மாள் முந்தானை முடிச்சைப் பிரித்துக் காட்டினார். உள்ளே ஒரு பிடி மண்.

"எம் புள்ள கயிறு அறுந்து வுழுந்த எடத்து மண்ணு. அவன இதுலதான் கூட்டினு போறோம்."

கண்டக்டர் ஒரு டிக்கெட்டுக்கான பணத்தைத் திருப்பி நீட்டினார். "இதுக்கு எதுக்கும்மா டிக்கெட்டு?"

"எடுக்கலன்னா நடுவழியில எறங்கிடுவான் நைனா."

கண்டக்டர் மூன்று டிக்கெட் கொடுத்தார்.