கிளப்பியவர் பெயர்

உர்ர்ர்ர்...

விளக்கணைத்திருந்த பக்கத்து அறையிலிருந்து வந்தது சத்தம். குழந்தையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்த அவள் கை அப்படியே நின்றது.

கணவருக்கு இரவு ஷிஃப்ட். வீட்டில் அவளும் ஐந்து மாதக் குழந்தையும்தான்.

குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு வாசல் கதவைத் திறந்து கத்தினாள்.

"அக்கா!"

எதிர்வீட்டு அக்கா துடைப்பத்தோடு ஓடி வந்தாள். நேராக அந்த அறைக்குள் போய் லைட்டைப் போட்டாள்.

"திருடனும் இல்ல, பூனையும் இல்ல. உன் லேப்டாப்புடி! மிக்ஸி மாதிரி இரையுது."

"நான் தொடவே இல்லையேக்கா!"

திரையில் அவள் எழுதிய மென்பொருளின் பகுதிகள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கியிருந்தன. 'கிளப்பியவர்' என்ற இடத்தில் அவளுடைய சீனியரின் பெயர்.

"சிடுமூஞ்சி! ஆபீஸ்லேர்ந்தே நெட் வழியா உள்ள புகுந்து என்னோடதை எடுத்து, அவர் புரோகிராமுக்குள்ள வெச்சு ஓட்டறார்க்கா."

"அப்படியெல்லாம் ஓட்ட முடியுமா?"

"எனக்குக் கொடுத்த வேலையே அதுதான். பெரிய புரோகிராம் ஒண்ணு ஓடும்போது, அதுக்குள்ளேர்ந்தே என்னோடதைக் கிளப்பணும். அது எழுந்து தன்னோட பகுதிகளை ஒவ்வொண்ணா கிளப்பும்."

"பஸ் கிளம்பினதும் டிரைவர் உள்ள ஏசியைப் போடற மாதிரி."

"ஆமா. நாளைக்கு மேனேஜர் முன்னாடி நான் ஓட்டிக் காட்டணும். ஓடினாத்தான் வேலை நிரந்தரம். அதுக்குள்ள இவர் தன்னோடதுன்னு காட்டப் பாக்கறார்!"

"அடப்பாவி! சரி, நீ ஓட்டிப் பாத்துட்டியா?"

அவள் தலை குனிந்தாள்.

"ஒரு தடவைகூட இல்ல. ஓடாம விழுந்தா என் பேரைப் போட்டு மேனேஜருக்குத் தானா மெயில் போயிடும். மூணு மெயில் போனா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

தப்பு செய்தால் பெயரைக் கரும்பலகையில் எழுதிப்போடும் பள்ளியில் படித்தவள். இரண்டு வாரமாக எழுதியதையே அழித்து அழித்து எழுதிக்கொண்டிருந்தாள்.

"போனைப் போடு. ஸ்பீக்கர்ல போடு" என்றாள் அக்கா, துடைப்பத்தை ஓங்கி.

போட்டாள்.

"சார், என் மெஷின்ல என்ன பண்றீங்க?"

"முழிச்சிட்டா இருக்கீங்க? வழக்கமா நீங்க தூங்கினப்புறம்தான் ஓட்டுவேன். நாளைக்குக் காட்டணுமேன்னு இன்னிக்குச் சீக்கிரம் ஆரம்பிச்சிட்டேன்."

"வழக்கமாவா? தினமும் காலையில 'அதைப் பாத்தீங்களா, இதைப் பாத்தீங்களா'ன்னு என்னைக் குடைஞ்சது இதுக்குத்தானா?"

"பின்னே? ராத்திரி எங்க விழுதோ, காலையில அங்க குடைவேன். பகுதியெல்லாம் உள்ள சேர்த்துட்டீங்க, அதுங்களுக்கு 'ஸ்டார்ட்'னு சொல்லவே இல்ல. உட்கார வெச்சா மட்டும் ஓடிடுமா? நேத்து சொன்னேன், இன்னிக்கு எழுதினீங்க. இப்பத்தான் முதல் தடவையா எல்லாம் எழுந்து நிக்குது."

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "நல்லது பண்றவரு அவகிட்ட சொல்லிட்டுப் பண்றதுதானே? எதுக்கு இந்தத் திருட்டுத்தனம்?"

"சொன்னா விடுவாங்களா? பயந்துபோய் இன்னொரு தடவை எல்லாத்தையும் அழிப்பாங்க."

"அதுக்காக உங்க புரோகிராமுக்குள்ளயா வெச்சு ஓட்டணும்?" என்றாள் அக்கா.



"உள்ள எது விழுந்தாலும், வெளியேர்ந்து கிளப்பினவன் பேர்லதாம்மா மெயில் போகும். பதினோரு தடவை விழுந்துச்சு. எனக்கு வேலை நிரந்தரமாகிப் பதினாறு வருஷம் ஆச்சு. திட்டினா வாங்கிக்கலாம்."

அக்கா துடைப்பத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு மெல்ல நழுவினாள்.

அவள் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக அடித்து, தானே கிளப்பினாள். கடைசிப் பகுதியும் எழுந்து நின்றதைப் பார்த்த பிறகுதான் போய், வாசல் கதவை உள்ளேயிருந்து தாழிட்டாள்.